சூடத்தில் வைக்காத கை

என் டைரியில் அந்த ஆடி மாதத்தில் அடுத்தடுத்து நான்கு நாட்களுக்கு முதல் வரி ஒன்றாகவே இருக்கிறது: "பறிப்பு இல்லை." மழை, காற்று, வந்தவர், போனவர் எல்லாம் அதற்குக் கீழே எழுதியிருக்கிறேன். நான்காம் நாளில் மட்டும் அந்த வரிக்குக் கீழே ஒன்றும் இல்லை. இத்தனை வருஷ டைரிகளில் நான் காலியாக விட்ட பக்கம் அது ஒன்றுதான்.

மொழிவாரியாக மாநிலங்களைப் பிரிக்கப் போகிறார்கள், மலையில் எந்தச் சரிவு எந்தப் பக்கம் போகும் என்று போடி டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த வருஷம். நான் போடியில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் ஏலக்காய் எஸ்டேட்டுக்குக் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்தேன். எஸ்டேட் குரங்கணிக்கு மேலே மூன்று மணி நேர நடை. மாதத்தில் பாதி நாள் மேலே, பாதி நாள் கீழே. எங்கே இருந்தாலும் காலை ஐந்தரைக்கு எழுந்து, முந்தின நாளை எழுதி முடித்த பிறகுதான் காப்பி.

எங்கள் எஸ்டேட்டில் பறிப்பு தொடங்கும் நாளில் ஒரு வழக்கம் உண்டு. ஏலக்காட்டுக்குள் நுழையும் இடத்தில், ஒரு பெரிய மரத்தடியில், காட்டுக் கருப்பு என்று ஒரு கல். அதன் முன்னால் வெற்றிலையில் சூடம் கொளுத்தி வைப்பார்கள். ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அதை அமுக்கி அணைத்து மூன்று சத்தியம் செய்ய வேண்டும். காட்டுக்குத் துரோகம் நினைக்கமாட்டேன். காயைக் களவெடுக்கமாட்டேன். கூட வந்தவரை விட்டுவிட்டு ஓடமாட்டேன். அடுத்த ஆளுக்கு மறுபடி கொளுத்துவார்கள். கடைசி ஆள் அணைக்கும்வரை ஒருவரும் காட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் இரண்டு கிறிஸ்தவக் குடும்பங்கள் இருந்தன. அவர்களும் சிலுவைக் குறி போட்டுக்கொண்டு சூடத்தை அணைத்துவிட்டுப் போவார்கள். முதலில் அணைப்பது ரைட்டர். எனக்குக் கருப்பின் மேல் பெரிய பக்தி இல்லை. வழக்கம் என்று அணைப்பேன்.

அந்த வருஷம் ஐம்பத்து மூன்று பேர் அணைத்தார்கள். ஐம்பத்து நான்காவதாக நின்றவர் கையை நீட்டவில்லை.

அவர் காய் உலர்த்துகிறவர். பறித்த பச்சைக் காயை ஸ்டோரில் தட்டுகளில் பரப்பி, வெளியே இருந்து விறகுத் தீ போட்டு, ஒன்றரை நாள் சூட்டில் வைத்து எடுப்பது அவர் வேலை. தீ கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் வெளிறும். அவரிடம் கருவி எதுவும் கிடையாது. அறைக்குள் கையை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். இருபதுக்கு முன்னால் கை தானாகத் திரும்பினால் ஒரு விறகை வெளியே இழுப்பார். பதினோரு வருஷமாக எங்கள் காய் பச்சை மாறாமல் போடிக்கு இறங்கியது அவருடைய கையால். முந்தின மாசி மாதத்தில் அவர் கீழே ஒரு சிறிய ஜெபக் கூட்டத்தில் சேர்ந்து முழுக்கு ஞானஸ்நானம் வாங்கியிருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

"என்ன மாப்ளே, சூடம் கரையுது. கைய வையி" என்றார் கங்காணி.

"நான் வைக்கல மாமா. நீங்க போங்க. நான் காயும் எடுக்கமாட்டேன், யாரையும் விட்டுட்டு ஓடவும் மாட்டேன். ஆனா சத்தியம் பண்ணமாட்டேன்."

"போன வருசம் வச்ச கைதான இது? இந்த வருசம் மட்டும் சுடுதாக்கும்?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் லேசாகச் சிரித்தார். "தீயில கைய வைக்கிறதுதான் எனக்குச் சோலி. சூடுன்னா பயப்படுவேனா?" என்றார். சிரிப்பு முடிந்தது. கை மட்டும் மடித்த துண்டுக்குள்ளேயே இருந்தது. வெற்றிலையில் சூடம் தானாக எரிந்து தீர்ந்தது. அது தானாகத் தீர்ந்ததை அந்த இடத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை என்று பிறகு சொன்னார்கள்.

பறிக்கும் பெண்களுக்கு முன்னணியில் நின்றவளுக்கு ஏறக்குறைய என் வயது. கூடையைத் தலையிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். அவளுக்குப் பின்னால் மற்ற கூடைகளும் இறங்கின. சாரல் பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு எல்லாரும் லயத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

நான் அவளிடம் போய் ஒழுங்காகவே பேசிப் பார்த்தேன். அவர் காட்டுக்குள் வருகிறவர் இல்லை, ஸ்டோரில் இருப்பவர், அவரை விட்டுவிட்டு நீங்கள் ஏறலாமே என்றேன்.

"காட்டுல பறிக்கிற காய் கடைசியா எங்க வந்து சேருது ரைட்டரய்யா? அவரு கையிலதான? வேலியில ஒரு முள்ளு இல்லாட்டி அது வேலியா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "என் தங்கச்சி செத்துப்போன வருசத்தக் கணக்குல வச்சிருப்பீகளே. அந்த ஏட்டப் பாருங்க" என்றாள்.

ஏட்டைப் பார்க்க வேண்டியதில்லை. எனக்கு நினைவிருந்தது. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு புது ஆள் சத்திய நாளுக்கு மறுநாள் வந்து சேர்ந்தான். ஆள் குறைவு என்று அவனைச் சத்தியம் இல்லாமலே ஏற்றினோம். அந்த வாரத்தில் யானை வந்தது. அவன் ஓடிவிட்டான். கூட இருந்தவள் இவளுடைய தங்கை. அவன் நின்று இரண்டு பேருமாகச் சத்தம் போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று இன்றுவரை லயத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். என்னாலும் அப்படி இல்லை என்று சொல்லமுடியாது. அவனைச் சேர்த்துக்கொண்ட பதிவில் இருப்பது என் கையெழுத்து.

அன்று மாலை கங்காணி வீட்டில் பேசினார்கள். முடிவில் அவளே ஒரு வழி சொன்னாள். "அவருக்கு இப்ப வேற சாமி. சரி. அவரு சாமி மேலயே சத்தியம் பண்ணட்டும். நாங்க வேண்டாம்னா சொல்றோம்?" எல்லாருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது. மறுநாள் விடிந்ததும் நான் போடிக்கு இறங்கினேன்.

இங்கேதான் என் தவறு இருக்கிறது. ஒரு மூட்டை இறங்கினால்கூட இரண்டு முறை எண்ணுகிறவன் நான். அந்த மனிதரிடம் போய், "உங்கள் வேதத்தின் மேல் சத்தியம் செய்வீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் மறுத்தது கருப்பை என்று எடுத்துக்கொண்டேன். அவர் மறுத்தது சத்தியத்தை.

போடியில் மிளகு வியாபாரம் செய்யும் ஒரு கிறிஸ்தவர் எனக்குப் பழக்கம். அவரிடம் விஷயத்தைச் சொல்லி வேதப் புத்தகம் ஒன்றை இரவல் கேட்டேன். பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுத்தார். "எந்தக் கூட்டத்து ஆளுன்னு கேட்டீங்களா? எங்கள்லயே பல தினுசு இருக்குதே" என்றார். அதைக் கேட்டும் நான் யோசிக்கவில்லை. மழையில் நனையாமல் கொண்டுபோக வேண்டுமே என்றுதான் கவலைப்பட்டேன்.

முதலாளி என்னைவிடப் பத்து வயது இளையவர். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். பறிப்பு நின்றுவிட்டது என்றதும் கூடவே கிளம்பினார். குரங்கணிவரை ஜீப்பு, பிறகு நடை. மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு எல்லாரையும் மரத்தடிக்கு வரச் சொன்னோம். நான் தாளைப் பிரித்து, என் துண்டை நான்காக மடித்து, அதன் மேல் புத்தகத்தை வைத்தேன். முன்னணிப் பெண் தன் ஆட்களை நெருங்கி நிற்கச் சொன்னாள். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. விடியக்காலையிலேயே கூடைகளைக் கழுவி வைத்திருந்தார்கள்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அவருக்கு நல்லது செய்ய மலை இறங்கி ஏறி வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரிந்தது. 

"ரைட்டரய்யா, என்கிட்ட ஒரு வார்த்த கேட்ருக்கலாமே" என்றார். "இதுக்குள்ளதான அந்தக் கட்டளையே இருக்கு. எது மேலயும் சத்தியம் பண்ணாதன்னு. வானத்து மேல, பூமி மேல, என் தலை மேலகூட. ஆமான்னா ஆமா, இல்லைன்னா இல்லை. அவ்வளவுதான். சத்தியம் பண்ணாதன்னு சொல்ற புஸ்தகத்து மேலயே கைய வச்சு எப்படிய்யா சத்தியம் பண்ணுவேன்?"

கூட்டம் அப்படியே நின்றது. முதல் நாள் அவர் மறுத்தபோது, மதம் மாறியவர், நம் சாமியைத் தொடமாட்டார் என்று எல்லாருக்கும் ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தை நான் இப்போது எல்லார் கண்ணெதிரிலும் பிடுங்கிவிட்டேன்.

"சொந்தச் சாமி மேலயே சத்தியம் பண்ணமாட்டேங்கிறாரு" என்று பின்னாலிருந்து ஒருத்தி மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப உள்ளுக்குள்ள என்னமோ இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

அதுவரை அவரை யாரும் திருடன் என்று நினைத்ததில்லை.

எனக்கு ஒரு வழி மிச்சம் இருந்தது. முன்பு ஒரு முறை பெரியகுளம் கோர்ட்டில் எஸ்டேட் சார்பாகச் சாட்சி சொல்லியிருக்கிறேன். அங்கே கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் மனமார உறுதி கூறுகிறேன் என்று சொன்னால் போதும். சட்டமே அதை ஒப்புக்கொள்கிறது. நான் உடனே நோட்டில் ஒரு தாளைக் கிழித்து அழகாக எழுதினேன்: காட்டுக்குத் துரோகம் நினைக்கமாட்டேன், காயைக் களவெடுக்கமாட்டேன், கூட வந்தவரை விட்டு ஓடமாட்டேன் என்று உண்மையாகச் சொல்கிறேன். அவர் அதை இரண்டு முறை படித்தார். "இதச் சொல்லலாம்யா. இது உள்ளதுதான" என்று எல்லாருக்கும் கேட்கும்படி உரக்கப் படித்தார். நிறுத்தி, தெளிவாகத்தான் படித்தார்.

முன்னணிப் பெண் கோபப்படவில்லை. அவள் கண்ணில் நீர் இருந்தது.

"கோர்ட்டுக்கு அது போதும்யா. நாளைக்குப் பொய்யின்னா போலீசு வந்து புடிக்கும். காட்டுல யாரு புடிக்கிறது? ஒங்க தாள ஆனை படிக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. கூடைகள் திரும்பிப் போயின.

அன்று பிற்பகல் முதலாளியும் நானும் ஸ்டோரின் முகப்பில் உட்கார்ந்திருந்தோம். மேலே செடியில் காய் பழுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டால் வெடித்து அணிலுக்குப் போகும். நான் டைரியை எடுத்தேன். போடி நகராட்சி வாசகசாலையில், உலக நாடுகள் எல்லாம் கூடி எழுதிய மனித உரிமைப் பிரகடனத்தின் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதன் பதினெட்டாம் பிரிவை எப்போதோ பிரதி எடுத்து வைத்திருந்தேன். அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் ஒவ்வொருவருக்கும் சுதந்திரம் உண்டு, மதத்தை மாற்றிக்கொள்ளவும் உண்டு என்பது அதன் சாரம். நம் அரசியல் சட்டத்திலும் இது இருக்கிறது என்றேன்.

அவர் கவனமாகக் கேட்டார். "அண்ணே, அதுல எத்தன நாடு சம்மதிச்சிருக்கு?"

"கணக்கு எனக்குத் தெரியாது. நிறைய நாடுகள்."

"நம்ம எஸ்டேட்டு அதுல இருக்கா?"

நான் டைரியிலிருந்து தலையை நிமிர்த்தினேன்.

"கேலிக்குச் சொல்லல அண்ணே. சர்க்காரு அவர ஜெயில்ல போட்டா நானே வக்கீல் வைக்கிறேன், இந்தத் தாளயும் கொண்டா, காட்டுவோம். இங்க யாரு என்ன பண்ணுனா? யாரும் அவர அடிக்கல, வையல. நாங்க ஏறமாட்டோம்ங்கிறாங்க. ஆனைக் காட்டுக்குள்ள பயந்தவுகள ஏறுன்னு நான் எப்படிச் சொல்ல? நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

பிரதியை மறுபடி பார்த்தேன். தன் நம்பிக்கையைத் தனியாகவும் மற்றவர்களோடு சேர்ந்தும் கடைப்பிடிக்கலாம் என்று அதே பிரிவில் இருந்தது. தனியாக என்பது அவர். சேர்ந்து என்பது ஐம்பத்து மூன்று பேர். எழுதியவர்கள் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தார்கள். இரண்டும் ஒரு மரத்தடியில் எதிரெதிரே நின்றால் என்ன செய்வது என்று என்னிடம் இருந்த பிரதியில் இல்லை. டைரியை மூடிப் பைக்குள் வைத்தேன்.

நான்காம் நாள் காலையில் முதலாளி முடிவைச் சொன்னார். காய் உலர்த்துகிறவர் குடும்பத்தோடு இறங்க வேண்டும். அவர் கூலியில் எந்தக் குறையும் வைக்கவில்லை, அதற்கு மேலும் கொடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அதில் நடிப்பு இல்லை.

லயத்து அறையைக் காலி செய்ய அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவரும் அவர் மனைவியும் மூட்டைகளோடு ஆபீசு வாசலுக்கு வந்தார்கள். வேலையை விட்டு இறங்குகிறவருக்கு ரைட்டர் ஒரு சீட்டு கொடுக்க வேண்டும். எத்தனை வருஷம் இருந்தார், என்ன வேலை செய்தார், ஏன் போகிறார் என்று அதில் இருக்கும். அந்தச் சீட்டு இல்லாமல் மலையில் எந்த எஸ்டேட்டும் ஆள் சேர்க்காது. சீட்டில் இருப்பதைப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள்.

நான் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன். காரணத்தின் நேரே, "தானாக நின்றுகொண்டார்." அதைக் கொண்டு அடுத்த எஸ்டேட்டில் மறுநாளே வேலை வாங்கலாம். பதினோரு வருஷக் கை, யார் வேண்டாம் என்பார்கள்? வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டு அவர் அதை மேஜை மேல் வைத்தார்.

"நானா நிக்கலையே ரைட்டரய்யா."

"தெரியும். உங்களுக்காகத்தான் எழுதினேன்."

"அதுவும் தெரியும்யா. நடந்தத எழுதுங்க."

"நடந்ததை எழுதினால் சத்தியம் செய்ய மறுத்ததால் நிறுத்தப்பட்டார் என்று எழுத வேண்டும். படிக்கிறவன் என்ன நினைப்பான் தெரியுமா? ஏதோ களவு, கேட்டபோது சத்தியம் செய்யவில்லை என்று நினைப்பான். மலையில் ஒரு ஸ்டோரிலும் உங்களை ஏற்ற மாட்டார்கள்."

"களவு இல்லைன்னு கீழ எழுதுங்களேன்" என்றார் அவர் மனைவி.

எழுதினேன். "இவர் மீது களவுப் புகார் எதுவும் இல்லை." எழுதிய பிறகு மூன்று பேரும் அதைப் பார்த்தோம். களவு என்ற சொல் இப்போதுதான் தாளில் ஏறியிருந்தது. அது இல்லாமல் இருந்ததே மேல். அடித்துவிட்டு வேறு தாளில், சத்தியம் செய்ய மறுத்ததால் நிறுத்தப்பட்டார் என்ற வரியோடு நிறுத்தினேன். உண்மைதான், ஒரு எழுத்தும் பிசகில்லை. என் கையெழுத்தும் நன்றாகவே வந்திருந்தது.

அவர்கள் இறங்கிப் போன பாதையில் கடைசி வளைவுவரை மூட்டை தெரிந்தது. முன்னணிப் பெண் லயத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மனைவிக்கு வழியில் தின்ன அவித்த கிழங்கு கொடுத்தனுப்பியது அவள்தான். மறுநாள் பறிப்பு தொடங்கியது. என் டைரியில் அதற்கு முந்தின பக்கம் முதல் வரிக்குக் கீழே காலியாக இருக்கிறது.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சிலமலைக்குப் போனேன். அவர் மனைவியின் ஊர் அது. அதற்குள் அவர் மூன்று எஸ்டேட்டுகளில் கேட்டுப் பார்த்துவிட்டார் என்று கங்காணி சொல்லியிருந்தார். மூன்று இடத்திலும் சீட்டைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்களாம். என் சட்டைப் பையில், தானாக நின்றுகொண்டார் என்று முதலில் எழுதிய அந்தச் சீட்டு இருந்தது. தேதியும் கையெழுத்தும் சரியாக இருந்தன.

இருவரும் யாருடைய நிலத்திலோ வெங்காயத்துக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் எழுந்து வரப்புக்கு வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது. உள்ளங்கையில் புதுக் காய்ப்பு.

"காய் எப்படிய்யா வந்துச்சு?"

"பாதிக்கு மேல் வெளிறிப்போனது. புது ஆள் இரண்டு முறை வெடிக்கவும் விட்டான்."

"வெரசா எடுக்கணும்னு தீயக் கூட்டியிருப்பான். கைய உள்ள விட்டுப் பாக்கச் சொல்லுங்க. இருபது எண்ணணும்" என்றார். சொல்லும்போதே அவர் கை தானாக நீண்டு காற்றில் நின்றது.

நான் சீட்டை எடுத்து நீட்டினேன். எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் பார்த்தார், வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் அவர் மனைவி வந்து நின்றார்.

"குடுங்கய்யா, நான் வாங்கிக்கிறேன்" என்று கையை நீட்டினார். விரல்களில் ஈர மண். முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி நீட்டினார்.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். தடுக்கவில்லை. வாங்கட்டும் என்பதுபோலக்கூட ஒதுங்கி நின்றார். அந்த அம்மா தாளின் விளிம்புவரை வந்த விரல்களை அங்கேயே வைத்திருந்தார். பிறகு மடக்கிக்கொண்டார்.

"தண்ணி குடிக்கிறீகளாய்யா?" என்றார்.

குடித்தேன். பத்து நாற்பதுக்குப் போடி பஸ்சு. அவர்கள் மறுபடி வெங்காய வரிசைக்குள் குனிந்ததை அதிலிருந்து பார்த்தேன். அடுத்த ஆடியில், எஸ்டேட்டில், முதல் ஆளாக நான் சூடத்தை அணைத்தேன். ஐம்பத்து நான்கு பேரும் அணைத்தார்கள். புது ஆள் கடைசியாக அணைத்தான். சீட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. காலியான அந்தப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன்.